பிஹான்ஸில் எல்லாம் இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை: கடைசி வருட டிசைன் மாணவிக்கு யோசனை தேவை

வண்ணக்குடம்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் சாத்தூர். ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. கிராஃபிக் டிசைன்தான் இனி என் வேலை என்று நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இன்னும் செய்யவில்லை, "பி.எட். போட்டுவிடலாமா" என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் இணையதளத்தில் இருபதுக்கு மேல் புராஜெக்ட் ஏற்றியிருக்கிறேன். கற்பனையான ஒரு காபி கடைக்கு பிராண்டிங், இசை விழா போஸ்டர்கள், உணவு டெலிவரி ஆப்புக்கான திரைகள், பிரபலமான லோகோக்களை மாற்றி வரைந்தது, இப்படி. சென்னை, பெங்களூரு ஏஜென்சிகளுக்கு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. இன்ஸ்டாவில் லைக் போடுவது எல்லாம் என் வகுப்புத் தோழிகள்.

போர்ட்ஃபோலியோவில், அதாவது இந்த வேலைத் தொகுப்பில், என்ன குறை என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? எனக்கு நானே விளம்பரம் செய்துகொள்வது சுத்தமாக வராது. ஒரு போஸ்ட் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அது இல்லாமல் இந்தத் துறையில் பிழைக்க முடியுமா?

நிஜமான வேலை என்று பார்த்தால் சித்தப்பாவின் காராச்சேவு கடைக்கு லேபிள், கல்லூரி நாடகத்துக்கு போஸ்டர், அத்தை மகள் கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான். ரொம்ப லோக்கலாகத் தெரியும் என்று அவற்றை ஏற்றவில்லை.

கெர்னிங் கந்தசாமி

லோக்கல் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, எனக்குப் பார்க்க வேண்டியது அதுதான்.

சென்னையில் சின்ன ஸ்டூடியோவில் இருக்கிறேன். இன்டர்ன் கேட்டு வரும் மெயில்களைப் பார்ப்பது என் வேலை. கற்பனைக் காபி கடை இல்லாத போர்ட்ஃபோலியோ வருவதே அபூர்வம். எல்லாவற்றிலும் அதே பழுப்புக் கப், அதே இலவச மாக்கப் (டிசைனைப் பொருத்திக் காட்டும் மாதிரிப் படம்), மர மேஜைமேல் சாய்ந்து கிடக்கும் அதே விசிட்டிங் கார்டு. அந்தக் கடைக்காரர் "இந்தக் கலர் எனக்கு ராசியில்லை" என்று சொல்லவே மாட்டார். கடைசி நேரத்தில் "மச்சான் போன் நம்பரையும் போடுங்க" என்று வந்து நிற்கவும் மாட்டார். டிசைன் வேலையில் பாதி அந்த ஆளைச் சமாளிப்பது. அது உங்களுக்கு வருமா என்று காபி கடையை வைத்து நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

லோகோ மாற்றி வரைந்தவற்றை எடுத்துவிடுங்கள். அந்த நிறுவனத்துக்கு என்ன நெருக்கடி, எத்தனை நாட்டில் எத்தனை போர்டு மாற்ற வேண்டும் என்று தெரியாமல் வரைந்தால் அது வெறும் கைப்பழக்கம். பழகுவது நல்லதுதான், பழகியதையெல்லாம் காட்ட வேண்டியதில்லை.

ஆறேழு வேலை போதும். நன்றாக வந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி: யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல், ஏன் இப்படி முடிவெடுத்தேன். பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும், நான் பெரும்பாலும் பஸ்ஸில் போனில்தான் திறப்பேன். டிரைவ் லிங்க் அனுப்பினால் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டு அனுப்புங்கள். "அனுமதி கேட்கவும்" என்று வந்தால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன். என்னைப் போலத்தான் மற்றவர்களும்.

ரீல்ஸ்_ராஜகுமாரன்

கந்தசாமி சார் சொல்வது ஏஜென்சி வேலைக்குச் சரி. ஆனால் இப்போது யார் பிடிஎஃப் பார்க்கிறார்கள்? நான் ஃபேன் மேட் போஸ்டர் போட்டுத்தான் உள்ளே வந்தேன். பட அறிவிப்பு வந்த அன்றைக்கே ராத்திரி உட்கார்ந்து போஸ்டர் செய்து, ஹேஷ்டேக் போட்டு, ரசிகர் பக்கங்களுக்கு டேக் செய்துவிடுவேன். அப்படியே ஒரு குறும்பட டீம் கூப்பிட்டது, அதற்கப்புறம் பாடல் போஸ்டர்கள். தினமும் போஸ்ட் பண்ணுங்கள் சிஸ்டர். திரையை ரெக்கார்ட் செய்து வேகமாக ஓட்டினாலே ஒரு ரீல். கூச்சமெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும்.

தறிக்காரி

ராஜகுமாரன் தம்பி, சினிமாவுக்கு அது பொருந்தும். அங்கே ஆளைத் தேடுகிறவர்களும் ரசிகர் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். நான் திருப்பூர். எனக்கு வேலை தரும் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் இன்ஸ்டாவில் கோலமும் சமையலும்தான் பார்க்கிறார். டிசைனர் வேண்டுமென்றால் பக்கத்து கம்பெனிக்காரரிடம், துணியில் தொங்கும் அட்டையைக் காட்டி, "ஹேங் டேக் யார் பண்ணிக் குடுத்தா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாக உங்கள் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் விளம்பரம்.

நான் செய்தது சொல்கிறேன். ஒரு கம்பெனிக்கு ஹேங் டேக், துவைக்கும் குறிப்பு எழுதிய வாஷ் கேர் லேபிள், அட்டைப்பெட்டி மூன்றையும் ஒரே மாதிரி செய்து கொடுத்தேன். அதன் சாம்பிளை ஒரு கவரில் போட்டு அடுத்த கம்பெனிகளுக்கு நேரில் கொண்டுபோனேன். கையில் தொட்டுப் பார்த்தால் பேச்சு தானாக வரும், நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. வண்ணக்குடம் மாதிரி கூச்சப்படுகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு வைத்தேன், "மாடல் அனுப்புங்க" என்று கேட்டால் அதையே அனுப்பிவிடுவேன். இன்ஸ்டா பக்கமும் இருக்கிறது. யாராவது பெயரைத் தேடினால் ஆள் உண்மைதான் என்று தெரிவதற்கு.

ஆஃப்செட் மாரி

சாத்தூர் புள்ளையா! நான் சிவகாசி, பிரஸ். அந்த காராச்சேவு லேபிளைப் பற்றிச் சொல்லும்மா முதலில். பவுச்சிலேயே பிரிண்டா, ஸ்டிக்கரா? எத்தனை கலர்? யார் அடித்தது?

வண்ணக்குடம்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

மாரி அண்ணா, ஸ்டிக்கர்தான். சித்தப்பா முதலில் பவுச்சிலேயே பிரிண்ட் கேட்டார். விசாரித்தால் அது கிராவ்யூர் என்ற உருளை அச்சு, ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர், குறைந்தபட்ச அளவும் அதிகம் என்றார்கள். அவர் கடைக்குக் கட்டாது. அதனால் உள்ளே இருப்பது தெரிகிற கவர், மேலே ஸ்டிக்கர். பழைய லேபிளில் கடைப் பெயர், சாமி படம், மிளகாய், தாத்தா போட்டோ எல்லாம் இருந்தது. சாமி படத்தை எடுக்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டார்கள். கிழித்துப் போடும் கவரில் சாமி படம் வேண்டாம், குப்பையில் கிடக்கும் என்று பாட்டிதான் சித்தியிடம் பேசி முடித்தார்கள். தாத்தா போட்டோவைக் கோட்டுச் சித்திரமாக மாற்றினேன். காரம், மிளகு, பூண்டு மூன்றுக்கும் ஒரே அச்சு, பட்டையின் கலர் மட்டும் மாறும்.

கெர்னிங் கந்தசாமி

இந்தப் பத்தியை அப்படியே போர்ட்ஃபோலியோவில் போடுங்கள். பாட்டியையும் சேர்த்து. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆஃப்செட் மாரி

நல்ல வேலைம்மா. எங்கள் பக்கம் ஆள் தேடுகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்று சொல்கிறேன், தெரிந்து வைத்துக்கொள்.

பின்பக்கம் எல்லாம் இருக்கிறதா? எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண் 14 இலக்கம், சைவம் என்று காட்டப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, பேட்ச், தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல நம்பர். எடை எழுத்து இத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று எடையளவுச் சட்ட விதியே இருக்கிறது. அழகுக்காக அதைச் சின்னதாக்கிவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. தேதியும் பேட்ச்சும் அச்சில் வராது, கடையில் முத்திரை குத்துவார்கள். அதற்கு வெள்ளை இடம் விட்டிருக்கிறாயா? முத்திரை மை பிடிக்கிற இடமா அது? லேமினேஷன் போட்டால் மை வழுக்கும். காராச்சேவு எண்ணெய்ப் பண்டம், லேமினேஷன் இல்லாவிட்டால் கடையில் எண்ணெய்க் கை பட்டே ஸ்டிக்கர் கறையாகிவிடும். இந்த இரண்டையும் எப்படிச் சமாளித்தாய் என்று எழுது.

அப்புறம் ஃபைல். சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு கலர் முறை), 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் கலர்). சின்ன கறுப்பு எழுத்தெல்லாம் கறுப்பு பிளேட்டில் (கறுப்புக்கான அச்சுத் தகடு) மட்டும் இருக்க வேண்டும். நான்கு கலரிலும் கறுப்பு வந்தால், ரிஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். ஸ்கிரீனில் இது தெரியவே தெரியாது. இதையெல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஆள் கிடைத்தால் பிரஸ்காரன் விடமாட்டான்.

ரீல்ஸ்_ராஜகுமாரன்

மாரி அண்ணா, நீங்கள் இப்போது சொன்னதையே பிரஸ்ஸில் நின்று ஒரு ரீலாகப் பேசினால் லட்சம் வியூஸ் போகும், சத்தியமாக.

ஆஃப்செட் மாரி

மெஷின் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது தம்பி.

வண்ணக்குடம்

முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறேன் அண்ணா, ஆனால் லேமினேஷன் பற்றி யோசிக்கவே இல்லை. சித்தப்பா கடையில் மார்க்கரால் எழுதுகிறார்கள்.

இன்னொரு சந்தேகம். ஏஜென்சிக்கு அனுப்பும்போது தமிழ் வேலைகள் எவ்வளவு வைக்கலாம்? பெங்களூரில் யாருக்கும் படிக்கத் தெரியாதே. தவிர ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் எனக்கு உடைந்து வருகிறது, "கொ" எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. அதனால் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் அடித்து வேலை செய்கிறேன்.

யாழ்_எழுத்தன்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பாமினி எங்கட பக்கமும் இன்னும் ஓடுகிறது, பழைய அச்சகம் எல்லாம் அதிலேதான். ஆனால் தங்கச்சி, நீங்கள் இனித்தான் தொழிலுக்கு வாறீங்கள். பாமினியில் அடித்த எழுத்தை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் குப்பையாகும், இணையத்தில் ஒட்டினாலும் குப்பையாகும். யூனிகோடுக்கு வாருங்கள்.

உடைவதற்குக் காரணம் மென்பொருளின் அமைப்பு. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்யுங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட் ரெடி கம்போசர். பிறகு கொம்பும் காலும் தன் இடத்தில் நிற்கும்.

எழுத்துருவுக்குத் திருட்டுப் பிரதி தேவையில்லை. கூகிள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசம். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், வணிக வேலைக்கும் தடை இல்லை. லேபிள் வேலைக்கு அனெக் தமிழைப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒடுங்கியதும் உண்டு, அகன்றதும் உண்டு. "தயாரிப்பாளர் மற்றும் விநியோகஸ்தர்" என்ற நீளமான வரியை ஒரு சின்னப் பட்டைக்குள் அடைக்க அது உதவும்.

கெர்னிங் கந்தசாமி

யாழ் நண்பர் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். தமிழை உட்கார வைக்கத் தெரிந்த டிசைனர் கிடைப்பது இன்றைக்கும் கஷ்டம். தேசிய பிராண்டுகளின் தமிழ் விளம்பரத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு ஸ்டைலாக வைத்ததை அப்படியே தமிழுக்கும் செய்திருப்பார்கள். "கே" என்பதில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம் நிற்கும். படிக்கிறவர் தடுக்கி விழுவார். ஆங்கிலத்தில் தலைப்பை கேபிட்டலில் போட்டு வேறுபடுத்தலாம், தமிழில் அந்த வசதி இல்லை. தடிமன், அளவு, கலர், இடம் இவற்றை வைத்துத்தான் எது முக்கியம் என்று காட்ட வேண்டும். மேலே கி, கீ சுழி, கீழே கு, கூ வால் என்று இரண்டு பக்கமும் நீளும், அதனால் வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடத் தாராளமாக வேண்டும்.

பெங்களூர்க்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உண்மை. ஆனால் ஒரே லேபிளின் ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிகிறதா என்று அவருக்குத் தெரியும். தென்னிந்தியாவில் விற்கும் எந்த நிறுவனத்துக்கும் அந்தத் தலைவலி இருக்கிறது. நீங்கள் அதற்கு மருந்து என்று முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

ரூபாய் சின்னத்தை வடிவமைத்த உதயகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலையில் அரசு அவர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மும்பை ஐஐடியில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். ஆய்வு எதைப் பற்றி? தமிழ் எழுத்துரு வடிவமைப்பு. எழுத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தவர் தேவநாகரி ர-வையும் ரோமன் ஆர்-ஐயும் ஒரே வடிவத்துக்குள் கொண்டுவந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரீல்ஸ்_ராஜகுமாரன்

அப்படியென்றால் போட்டிகளில் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தினமும் ஏதாவது லோகோ காண்டெஸ்ட் வருகிறது. ஆரம்பத்தில் இலவசமாகச் செய்தால்தான் பெயர் வரும்.

தறிக்காரி

இல்லை, இதில் நான் சண்டை போடுவேன். ரூபாய்க்கு நடந்தது அரசு அறிவித்த திறந்த போட்டி. பரிசு இரண்டரை லட்சம் என்று முதலிலேயே சொன்னார்கள், இறுதிக்கு வந்தது ஐந்து வடிவங்கள். இன்ஸ்டாவில் வரும் "லோகோ காண்டெஸ்ட், வென்றவருக்கு ஷவுட் அவுட்" என்பது, அதாவது காசுக்குப் பதில் பெயரைச் சொல்லி ஒரு போஸ்ட், வேறு ஜாதி. நூறு பேர் வேலை செய்வார்கள், ஒருவருக்கும் காசு போகாது, கம்பெனிக்கு நூறு லோகோ.

நைக்கி லோகோ கதை தெரியுமா? 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, போர்ட்லண்டில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தவர், வரைந்து கொடுத்தார். கூலி 35 டாலர். மணிக்கு 2 டாலர் கணக்கு. 1983-ல் கம்பெனி கூப்பிட்டு ஒரு மோதிரமும் கொஞ்சம் பங்குகளும் கொடுத்தது. அதைச் சொல்லிச் சொல்லியே மாணவர்களிடம் சும்மா வேலை வாங்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் 35 டாலராவது வந்தது, அவர் மணிக்கணக்கு வைத்திருந்தார். அதை யாரும் சொல்வதில்லை.

ஆஃப்செட் மாரி

நம் ஊரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பத்திரிகை அடித்தால் டிசைன் இலவசம், நோட்டீஸ் அடித்தால் டிசைன் இலவசம் என்று நாங்களே பழக்கிவிட்டோம். கோரல் டிராவில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் பார்ட்டி உட்கார்ந்து "அந்தப் பூவைப் பெருசு பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பையன் சம்பளம் பேப்பர் விலையில் ஒளிந்திருக்கும். ஆகையால் வாடிக்கையாளருக்கு டிசைனுக்குத் தனிக் காசு என்பதே புரியாது. குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

தறிக்காரி

அதனால்தான் நான் கொட்டேஷனில் மூன்று வரி தனித்தனியாக எழுதுவேன்: டிசைன், பிரிண்டிங், டெலிவரி. பிரிண்டிங்கை நீங்களே வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால்தான் டிசைன் ஒரு தனிப் பொருள் என்று தெரிகிறது. பாதிப் பணம் முன்கூட்டியே. வாங்காமல் முதல் கோடு போடாதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். சித்தப்பாவுக்கு வேண்டுமானால் விலக்கு.

வண்ணக்குடம்

சித்தப்பா தீபாவளிக்கு சுடிதார் எடுத்துக் கொடுத்தார். அதுதான் பேமென்ட் 🙂

போன விடுமுறையில் ஒரு இடத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். அங்கே செய்த வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா? கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை.

கறுப்புக் கோட்டு

சட்டம் படித்தவள், டிசைனர் இல்லை. தங்கை டிசைன் படிக்கிறாள் என்பதால் இந்த இழையைப் படிக்கிறேன்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவுப்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளியே உரிமையாளர். இன்டர்ன்ஷிப்பில் என்ன காகிதம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள். வாடிக்கையாளர் இன்னும் வெளியிடாத வேலை என்றால் காட்டவே வேண்டாம். வெளியான வேலை என்றால் மெயிலில் அனுமதி கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். காட்டும்போது உங்கள் பங்கு எது என்று சொல்லிவிடுங்கள். "லேஅவுட் மட்டும் நான், படங்கள் இன்னொருவர்" என்று எழுதினால் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

தனியாக எடுத்துச் செய்யும் வேலைக்கு 19-வது பிரிவு முக்கியம். உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் மாறும், வாய்ப்பேச்சில் மாறாது. எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். லோகோ வாங்குகிறவர் முழு உரிமையும் வேண்டும் என்பார், நியாயம்தான். அதற்கேற்ற விலை போட்டு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, படிப்பு முடிந்து தனியாகத் தொழில் செய்தால் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம். பதிந்த சிறு தொழிலுக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. எல்லோரும் மதிக்கிறார்களா என்று கேட்காதீர்கள், நினைவூட்டல் மெயிலில் எழுத ஒரு வரி கிடைக்கும். ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம், சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரீல்ஸ்_ராஜகுமாரன்

20 லட்சம் தாண்டும்போது எனக்கும் சொல்லுங்கள் சிஸ்டர்.

கெர்னிங் கந்தசாமி

வண்ணக்குடம் ஏஜென்சிகளுக்கு அனுப்பிய மெயிலைத் தனிச்செய்தியில் காட்டினார். அவர் அனுமதியோடு இங்கே பேசுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

"நான் கடின உழைப்பாளி, ஆர்வம் மிக்கவள், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன், எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தால் நிரூபிப்பேன்." வருகிற எல்லா மெயிலிலும் இதே வரிகள்தான், ஸ்டூடியோ பெயரை மட்டும் மாற்றி அனுப்பியது தெரிந்துவிடும். நானாக இருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"நீங்கள் செய்த மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு மொழியும் நெரிசல் இல்லாமல் இருந்தது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் காராச்சேவு கடைக்கு நான் செய்த லேபிளிலும் இதே சிக்கல் வந்தது. படமும் நான்கு வரி விளக்கமும் இணைப்பில். மே முதல் மூன்று மாதம் இன்டர்னாக வர முடியும், சென்னையில் தங்க இடம் இருக்கிறது."

விளம்பரம் செய்ய வராது என்றீர்களே, இதில் எங்காவது உங்களைப் புகழ்ந்திருக்கிறீர்களா? அவர்கள் வேலையைப் பார்த்ததைச் சொல்கிறீர்கள், உங்கள் வேலையைக் காட்டுகிறீர்கள், எப்போது வர முடியும் என்று சொல்கிறீர்கள். ஐம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்புவதைவிட ஐந்து பேருக்கு இப்படி. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விடுங்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நாங்கள் மறந்துபோகிற ஜாதி.

வண்ணக்குடம்

எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். காபி கடை போய்விட்டது. நாடக போஸ்டரும் கல்யாணப் பத்திரிகையும் உள்ளே வந்துவிட்டன. எழுத்து வடிவங்களை வைத்துச் செய்து பார்த்த டைப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அதில் ஆசை விடவில்லை. மெயில் மூன்று இடத்துக்குப் போயிருக்கிறது. ஓரிடத்தில் "இப்போது இடமில்லை, ஜூனில் கேளுங்கள்" என்றார்கள். பதில் என்று ஒன்று வந்ததே பெரிது.

இன்னொரு விஷயம். சித்தப்பா கடைக்கு எதிரில் பேக்கரி வைத்திருப்பவர் லேபிளைப் பார்த்துவிட்டு நம்பர் வாங்கியிருக்கிறார். கேக் பெட்டி, இனிப்புப் பெட்டி, கடை போர்டு மூன்றும் வேண்டுமாம். எவ்வளவு ஆகும் என்று உடனே கேட்கிறார். என்ன சொல்ல?

தறிக்காரி

உடனே எதுவும் சொல்லாதீர்கள். "நாளைக்கு எழுதி அனுப்புகிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்றுக்கும் தனித்தனி விலை. எத்தனை மாடல் காட்டுவீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்று அதிலேயே இருக்கட்டும். போர்டுக்கு அளவு எடுக்க நேரில் போங்கள், அவர் சொல்லும் அளவை நம்பாதீர்கள்.

ஆஃப்செட் மாரி

பெட்டி என்றால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் எந்த பிரஸ்ஸில் அடிக்கப்போகிறார் என்று கேள். அங்கே போய் கையிருப்பில் என்னென்ன டை (பெட்டி வெட்டும் அச்சு) இருக்கிறது என்று பார்த்து, அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் டை லைன் (வெட்டும் மடிப்பும் காட்டும் கோடு) ஃபைலை வாங்கிக்கொண்டு வந்து அதன்மேல் வரை. நீயாக ஒரு வடிவம் யோசித்தால் புது டை போட வேண்டும். அந்தச் செலவு பேக்கரிக்காரர் தலையில் விழும், அவர் அதை உன் டிசைன் காசில்தான் கழிப்பார். ஒட்டுகிற மடிப்பில் கலர் வராமல் பார்த்துக்கொள், மை மேல் பசை நிற்காது. ஃபைல் முடிந்ததும் எனக்கு அனுப்பு, பிளேட் போகும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.